சித்தூர் தந்த குரல்: திரைக்கு முந்திய பி. லீலா

"மிஸ்ஸியம்மா", "மாயா பஜார்" ஆகிய படங்களைக் காணாத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் இருப்பது அரிது. அவற்றில் சாவித்திரிக்குக் குரல் கொடுத்தவர் பி. லீலா என்பதையும் அன்பர்கள் பலர் அறிவர். ஆனால் நாகிரெட்டி, சக்ரபாணி ஆகியோரின் விஜயா நிறுவனத்துக் கலைஞர் குழுவில் ஒருவராக விளங்குவதற்கு முன்னரே, கச்சேரி மேடையிலும் கிராமபோன் கம்பெனியிலும் அவர் தனித்து நின்ற பாடகி என்பதைச் சொன்னால் வியக்கின்றனர். பாலக்காட்டுக்குத் தென்கிழக்கே உள்ள நம் சித்தூர்தான் அவர் பிறந்த ஊர் என்றால் இன்னும் வியக்கின்றனர்.

சித்தூர் அக்காலத்தில் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. நாற்புறமும் பிரிட்டிஷ் மலபாரும் கோவை ஜில்லாவும் சூழ, தனித்துக் கிடந்த தாலுகா. எழுத்தச்சனின் குருமடம் உள்ள ஊர். தமிழும் மலையாளமும் ஒரே சந்தையில் பேரம் பேசும் ஊர். அங்கே 1934-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி லீலா பிறந்தார். தந்தை குஞ்சன் மேனன் எறணாகுளத்தில் பள்ளி ஆசிரியர். தம் பெண்கள் மூவரும் சங்கீதம் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மூவரும் கற்றனர், கடைக்குட்டியிடமே அது நிலைத்தது. திரிபுவனம் மணி பாகவதர் முதற்குரு.

எறணாகுளத்துக்குக் கச்சேரி செய்ய வரும்போதெல்லாம் வடக்காஞ்சேரி ராம பாகவதர் மேனன் வீட்டில் தங்குவது வழக்கம். குழந்தையைச் சென்னைக்கு அழைத்து வந்து முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தி வந்தார். மேனன் விடுமுறை கேட்டார், கிடைக்கவில்லை. உடனே வேலையை ராஜிநாமாச் செய்துவிட்டார்! மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம் போன்றோருக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். பத்து வயதுப் பெண்ணின் தொண்டையை நம்பி ஒரு குடும்பத்தின் அரிசியைப் பணயம் வைத்தார் அம்மனிதர். அது 1944, யுத்த காலம். ஷொறணூர், ஒலவக்கோடு, போத்தனூர் என்று நாம் நாள்தோறும் உச்சரிக்கும் நிலையங்களைக் கடந்து தந்தையும் மகளும் சென்னை சேர்ந்தனர். மயிலாப்பூரில் பாகவதர் இல்லத்தில் குருகுலவாசம். விடியுமுன் எழுந்து சாதகம், பிறகே பள்ளிக்கூடம். இதில் மேனன் சிறிதும் இளக்கம் காட்டியதில்லை.

போட்டிகளில் பரிசுகள் வந்தன. துர்காபாய் அம்மையார் தாம் நிறுவிய ஆந்திர மகிளா சபையில் பாட அழைத்தார்; அதுவே முதல் கச்சேரி என்பர். தொடர்ந்து கச்சேரிகள் வரலாயின. அச்சமயம் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் மானேஜர் கணபதிராம ஐயர் நல்லதொரு பெண்குரலைத் தேடிக்கொண்டிருந்தார். லீலாவின் பெயர் சொல்லப்பட்டது. கம்பெனியின் பாடகியாக அவர் நியமனம் பெற்றார்.

கம்பெனிப் பாடகி என்றால் என்ன என்பதை இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சற்று விளக்க வேண்டும். அக்காலத் தட்டு அரக்குக் கலவையால் ஆனது; கீழே விழுந்தால் பீங்கான் போல் உடையும். நிமிஷத்துக்கு 78 சுற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷமே பாட்டு. ஆலாபனை, பல்லவி, சரணம் யாவும் அதற்குள் அடங்கவேண்டும். ஒலிநாடா புழக்கத்துக்கு வருமுன் பாடுவது நேரே மெழுகில் பதிந்தது; நடுவே ஒரு சுரம் பிசகினால் வேறு மெழுகு வைத்து முதலிலிருந்து பாடவேண்டும். வெட்டுவது, ஒட்டுவது கிடையாது. சிறு வயதில் இதற்குத் துணிந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்லர், எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926-இல், அவருடைய பத்தாம் வயதில் வெளிவந்தது. மேடையில் மூன்று மணி நேரம், தட்டில் மூன்று நிமிஷம் என்ற இரண்டு அளவுகளும் பழகிய குரலே அன்று திரைக்கு வேண்டியிருந்தது.

ஏனெனில் பின்னணி பாடும் முறை அப்போதுதான் வேரூன்றியது. ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1938-இல் "நந்தகுமார்" படத்தில் லலிதா வெங்கட்ராமனைக் கொண்டு அதைச் சோதித்தார். 1945-இல் "ஸ்ரீவள்ளி"யில் குமாரி ருக்மிணிக்காகப் பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்தார். பிறகு நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்பது வழக்கமாயிற்று. கொலம்பியா வாயிலாகவே "கங்கணம்" படத்தின் வாய்ப்பு லீலாவுக்கு வந்தது. பத்மநாப சாஸ்திரியின் இசையில் கதாநாயகியின் பாட்டுகள் அனைத்தையும் அவரே பாடினார். அப்போது வயது பதின்மூன்று.

தமிழ் பேச வராத அச்சிறுமி பாட்டுகளை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பயின்றார். நம் இல்லங்களில் இது நகைப்புக்குரிய செய்தியன்று. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயிலும் நம் குழந்தைகள், சங்க விழாவுக்குப் பாட்டெழுதும் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர்கள் அறிவர். மலையாள எழுத்தில் ழகரமும் ளகரமும் உண்டு; குறில் எகர ஒகரங்களும் உண்டு; ஆகவே தமிழை எழுதப் பெரிதும் இடர்ப்பாடில்லை. இடறுமிடம் வேறு. "காற்று" என்பதில் வரும் றகர இரட்டையையும், "கன்று" என்பதில் வரும் னகர றகரக் கூட்டையும் மலையாள நாக்கு வேறுவிதமாக ஒலிக்கும். எழுத்து அதைக் காட்டாது, செவிதான் திருத்தவேண்டும். "வஞ்சிக்கோட்டை வாலிப"னில் (1958) ஜிக்கியுடன் அவர் பாடிய போட்டிப் பாட்டைக் கேட்டு, பாடுபவரின் தாய்மொழி யாது என்று சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. இதைச் சாதித்தது சினிமா அன்று, அதற்கு முந்திய பயிற்சியே என்பது என் துணிபு.

பிந்திய வரலாறு தெரிந்ததே. 1948-இல் "நிர்மலா"வில் தாய்மொழியில் பாடினார்; 1951-இல் "பாதாள பைரவி" வந்தது; 1963-இல் "லவகுசா"வில் பி. சுசீலாவும் அவரும் இரு பாலகர்களின் குரலாயினர். 2005 அக்டோபர் 31-இல் காலமானார். பத்மபூஷண் விருது மறு ஆண்டில், அவர் மறைந்த பின்னரே வந்தது.

நிற்க. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, ஒலவக்கோடு பகுதிப் பழைய வீடுகளின் பரண்களில் கொலம்பியாத் தட்டுகள் இன்றும் கிடக்கக்கூடும். இணைந்த இரு இசைக்குறிகள் அதன் முத்திரை. லீலாவின் பெயர் உள்ளது எதுவாயினும், படப்பாட்டாயினும் அன்றாயினும், நம் சங்க நூலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைத்துவிட வேண்டாம். அரக்கு அதில் கரைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்கவும். உடைந்திருந்தாலும் துண்டுகளை எறியாதீர்கள். நடுவிலுள்ள காகிதத்தில் பாட்டின் பெயரும் தட்டின் எண்ணும் இருக்கும்.