போடி மெட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்

"வீட்டுக்குத் தூரம்"னு மறைச்சு மறைச்சுப் பேசின விஷயம் அரசாங்கத் திட்டம் ஆனது எப்போன்னு தேடினேன். தமிழ்நாட்டுல 2012-ல வந்த புதுயுகம் திட்டம்தான் பெரிய ஆரம்பம். 10 முதல் 19 வயசுக் கிராமத்துப் பொண்ணுங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 நாப்கின், இலவசம். அரசு ஆஸ்பத்திரியில பிள்ளை பெத்தவங்களுக்கும் சிறையில இருக்கிற பெண்களுக்கும் உண்டு.

நல்ல திட்டம்தாங்க. ஆனா கணக்கு பாருங்க: மாசத்துக்கு 9. நாளைக்கு மூணு மாத்தினா மூணே நாள்! போடி நகராட்சியாச்சே, கிராமத்துக்குன்னு ஆரம்பிச்சதுல டவுன் பொண்ணுங்க விட்டுப்போனாங்க. 19 தாண்டின கூலிக்காரப் பெண்களும் கணக்குலயே இல்லை.

விடியக்காலையில ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போற போடி அக்காக்கள் அந்த வயசைத் தாண்டினவங்கதான். மாத்த மறைவிடம் வேணுமே? தோட்டங்கள்ல கழிப்பறை கட்டணும்னு சொன்ன 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 5 ஹெக்டேருக்குக் குறைஞ்ச தோட்டங்களைத் தொடவே இல்லை.

அதே கேரளாவுல ஆலப்புழை நகராட்சி 2019-ல 5000 மாதவிடாய்க் கப்புகளை இலவசமா கொடுத்துச்சு. ஒரு கப் பல வருஷம் உழைக்கும். ஆனா கழுவத் தண்ணி வேணும், கொதிக்க வைக்கணும். அதனால கப்பு மட்டும் போதாது, காட்டுல கழிப்பறையும் வேணும்.

ஓட்டு இந்தப்பக்கம், வேலை அந்தப்பக்கம். அப்போ இவங்க எந்த உள்ளாட்சியோட பொறுப்பு? ரெண்டு பக்கமும்தான்னு நான் சொல்வேன். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?