15 பேரும் 39 பேரும்: ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ கணினி மறுவெளியீடும் கம்பம் பள்ளத்தாக்கும்

2011 ஜூலை 5 அன்று ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4: ஆர்கேட் எடிஷன்’ என்ற சண்டை விளையாட்டைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2009-இல் கணினிக்கு வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’-ஐ விரித்து, திருத்தி, மறுபடியும் விற்ற பதிப்பு இது. முன்பு 25 வீரர்கள், இப்போது 39. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னால் கேப்காம் ஒரு நிபந்தனை சொன்னது. இணையத்தில் இணைந்திருந்தால் 39 பேரும் கிடைப்பார்கள், இணைப்பு அறுந்தால் 15 பேர்தான். எதிர்ப்பு வலுத்ததும் நிபந்தனை கைவிடப்பட்டது.

விளையாட்டு வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மறுவெளியீடுகளைப் பற்றி எழுதுபவர்கள் புதிதாகச் சேர்ந்த வீரர் யார், எந்த அடியின் வலு குறைந்தது, எது கூடியது என்றே கணக்குப் பார்க்கிறார்கள். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஒவ்வொரு பதிப்பும் எப்படிப்பட்ட கணினியைக் கேட்டது? எவ்வளவு இணையம் கேட்டது? முந்தைய பதிப்பைக் காசு கொடுத்து வாங்கியவரை என்ன செய்தது? ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ கணினிப் பதிப்புகளின் வளர்ச்சியை இந்த மூன்று கேள்விகளின் வழியே இக்கட்டுரை பின்தொடர்கிறது. புது வீரர்களைவிட இந்த மூன்றும்தான் ஒரு விளையாட்டு எந்த ஊர்வரை போகும் என்பதைத் தீர்மானித்தன என்பது என் முடிவு.

காசு போட்டு ஆடிய காலம்

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ 1991-இல் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வந்தது. ஆடுபவர் தேர்ந்தெடுக்க எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தால்சிம்: கை கால் நீளும், வாயால் தீ உமிழும் இந்திய யோகி, கழுத்தில் மண்டையோட்டு மாலை, பின்னால் வரிசையாக யானைகள். இந்தியாவைப் பற்றி ஜப்பானிய ஓவியர்கள் கேள்விப்பட்டதையெல்லாம் ஒரே ஆளின் மேல் ஏற்றிவிட்டார்கள்! இருந்தும் தொடரின் மிக நுட்பமான ஆட்டம் அவருடையதுதான். எட்ட நின்று அடித்து, எதிராளியை நெருங்க விடாமல் ஆட நிறையப் பொறுமை வேண்டும்.

1992-இல் வந்த ‘சாம்பியன் எடிஷன்’ நான்கு வில்லன்களையும் ஆடுபவர் கையில் கொடுத்தது. அதே ஆண்டின் இறுதியில் வேகம் கூட்டப்பட்ட ‘ஹைப்பர் ஃபைட்டிங்’ வந்தது. கேப்காம் தானாக விரும்பிச் செய்த காரியம் என்று இதைச் சொல்ல முடியாது. அனுமதியில்லாமல் திருத்திய பலகைகள் கடைகளில் பரவின. நடுவானில் தீப்பந்து வீசலாம், அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆளை மாற்றலாம். ‘ரெயின்போ எடிஷன்’ என்று பேர் பெற்ற அந்தத் திருட்டுப் பலகைகளுக்குப் பதிலாகத்தான் வேகமான அதிகாரப்பூர்வப் பதிப்பு பிறந்தது. பின் 1993-இல் நான்கு புதியவர்களோடு ‘சூப்பர்’, 1994-இல் ‘சூப்பர் டர்போ’. ஏறக்குறைய மூன்றாண்டில் ஒரே விளையாட்டு ஐந்து முறை வந்துவிட்டது.

இந்த ஐந்து முறையும் செலவு கடைக்காரருடையது. அவர் பலகையை மாற்றுவார். ஆடுகிற பையன் போடுவது அதே காசுதான். பழைய பதிப்பை வாங்கி ஏமாந்தோம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. விளையாட்டு வீட்டுக்கும் கணினிக்கும் குடிபெயர்ந்தபோது இந்தச் சுமை ஆடுபவரின் தலைக்கு வந்தது. பின்னாளில் வந்த சண்டை சச்சரவு எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான்.

தமிழ்நாட்டின் வீடியோ கேம் கடைகளில் கேப்காமின் பேர் வேறொரு விளையாட்டால்தான் நிலைத்தது. 1993-இன் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்றால் யாருக்கும் தெரியாது. ‘முஸ்தபா கேம்’ என்றால் அந்தத் தலைமுறை நிமிர்ந்து உட்காரும். அதில் வரும் மஞ்சள் தொப்பிக்காரரின் பேர் அது.

ஒரே விசைப்பலகையில் இருவர்

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ 1992-இலும் ‘சூப்பர் டர்போ’ 1995-இலும் டாஸ் கணினிகளுக்கு வந்தன. முதலாவது மோசமான ஆக்கம். இரண்டுமே நம் பக்கத்தில் பெரிதாகக் கால் பதிக்கவில்லை. கணினி வைத்திருந்த வீடுகளே அன்று எத்தனை?

வழி திறந்தது வேறு பக்கத்தில். மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கிய அதே 1997-இல், பழைய காசு இயந்திரங்களைக் கணினிக்குள் போலச் செய்து காட்டும் ‘மேம்’ என்ற மென்பொருள் வெளியானது. ஒரு விளையாட்டுக்குச் சில எம்.பி. போதும். பிரவுசிங் சென்டர்கள் பெருகியபோது இந்தக் கோப்புகளும் சிடியிலும் பிறகு பென் டிரைவிலுமாக ஊர் ஊராகப் போயின. காப்புரிமைப்படி தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் வரலாற்றுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு வந்த ஐந்து பதிப்புகள் இங்கே ஒரே சிடியில், ஒரே பட்டியலில் சேர்ந்து கிடைத்தன. எது முந்தி, எது பிந்தி என்ற வரிசையே இல்லாமல் போயிற்று. மறுவெளியீடு என்ற வியாபாரத்துக்கு உயிர் அந்த வரிசைதான்.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கணினிக்கு ஜாய்ஸ்டிக் கிடையாது. ஒரு விசைப்பலகையில் இரண்டு பேர், தோளோடு தோள் இடிக்க. தீப்பந்து வீசக் கீழ், கீழ்-முன், முன் என்று கால்வட்டமாக விரல் உருண்டு, கடைசியில் குத்து விழ வேண்டும். மலிவான விசைப்பலகையின் உள்ளே விசைகள் வரிசையும் பத்தியுமாகக் கம்பி பகிர்கின்றன. ஒரே நேரத்தில் சில விசைகளுக்கு மேல் அமுக்கினால் அடுத்தது பதியாது. இடப்பக்கத்துப் பையன் மூன்று விசைகளை அமுக்கிப் பிடித்தால் வலப்பக்கத்தவனின் குத்து காற்றில் போகும். தெரிந்தே இதைச் செய்கிறவர்களும் உண்டு. எந்தப் பதிப்பிலும் எழுதப்படாத தாக்குதல் முறை இது.

2011 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட சைபர் கஃபே விதிகள் இந்த உலகத்தின் வடிவத்தை மாற்றின. அடையாள அட்டை காட்ட வேண்டும், பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. பள்ளிப் பையன்களுக்குப் பழைய தாராளம் குறைந்த அந்த ஆண்டில்தான் ‘ஆர்கேட் எடிஷன்’ கணினிக்கு வந்தது.

39-இலிருந்து 15

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ 2008 ஜூலையில் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தபோது அது ஓடிய இயந்திரம் ‘டைட்டோ டைப் எக்ஸ் 2’. பெட்டிக்குள் இருந்தது இன்டெல் பிராசஸரும் விண்டோஸ் எக்ஸ்பியின் ஒரு வகையும். அதாவது அந்த விளையாட்டு பிறந்ததே கணினியில். 2009 ஜூலையில் வந்த கணினிப் பதிப்பு அவ்வளவு சீராக ஓடியதற்கு இது ஒரு காரணம். ஜீஃபோர்ஸ் 6600 போன்ற, அப்போதே ஐந்து வயதான கிராஃபிக்ஸ் கார்டு போதும் என்றது அது. உங்கள் கணினி தாங்குமா என்று சோதித்துப் பார்க்கும் வசதியும் உள்ளேயே இருந்தது. சாதாரண சிஸ்டம் வைத்திருப்பவரை மதித்த வெளியீடு என்று அதைச் சொல்லலாம்.

அடுத்த ஆண்டு வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ பத்துப் பேரைச் சேர்த்தது. ஆனால் கணினிக்கு வரவில்லை. தயாரிப்பாளர் யோஷினோரி ஓனோ சொன்ன காரணம், திருட்டுப் பிரதி. காரணம் பொய்யில்லை. பாதி மெய். காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் வழி ஒடுக்கமாக இருந்த ஊர்களைப் பற்றிய பாதி அதில் இல்லை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலை அன்று டாலரில். வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தும் கார்டு வேண்டும். டிஸ்க்காக வேண்டும் என்றால் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலும் 2010 இறுதியில் அகலப்பாதைக்காக நிறுத்தப்பட்டது. தேனி மறுபடி ரயிலைப் பார்த்தது 2022 மே மாதம்.

இந்தப் பின்னணியில்தான் 15 என்ற எண்ணைப் படிக்க வேண்டும். திருட்டைத் தடுப்பதற்காக, விளையாட்டு ஓடும்போதே இணையத்தில் சரிபார்க்க வேண்டும் என்று வகுத்தார்கள். இணையம் இல்லாத நேரத்தில் வாங்கியவர் 24 பேரை இழப்பார். அந்த ஆண்டுகளில் பள்ளத்தாக்கின் நிலை எல்லோருக்கும் நினைவிருக்கும். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு கட்டிய பிராட்பேண்ட். 2012-இல் உச்சம் தொட்ட கரண்ட் கட், சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரத்தைத் தின்றது. இன்வெர்ட்டரில் கணினி ஓடலாம். தெருமுனைப் பெட்டியும் எக்ஸ்சேஞ்சும் சேர்ந்து உயிரோடு இருக்க வேண்டுமே! திருட்டு சிடி வைத்திருப்பவனுக்கு எந்தத் தடையும் இல்லை. பூட்டு உடைத்த பிரதி கரண்ட் இருந்தால் போதும் என்று ஓடும். தண்டனை முழுக்க விலை கொடுத்தவருக்கு.

இதே வாதத்தை உலகெங்கும் வாங்கியவர்கள் முன்வைத்தார்கள். கேப்காமின் அமெரிக்கத் துணைத் தலைவர் கிறிஸ்டியன் ஸ்வென்சன் முதலில் விளக்கம் சொன்னார், பிறகு முடிவை மாற்றினார். மைக்ரோசாஃப்ட்டின் ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ பூட்டு மட்டும் போதும், இணையமில்லாமலும் 39 பேரும் கிடைப்பார்கள் என்று ஆனது.

இணையத்தில் எதிராளியோடு ஆடுவது தனிக் கதை. இந்த விளையாட்டு விநாடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்) ஓடும். வேகமான லேசான குத்து மூன்று சட்டத்தில் விழுந்துவிடும். இரு கணினிகளுக்கு இடையே 100 மில்லி விநாடி தாமதம் என்றால் அதுவே ஆறு சட்டம். குத்து வந்து தொட்ட பிறகுதான் கண்ணுக்கே தெரியும். இதற்கு மாற்றாக நிரலாளர் டோனி கேனன் 2006-லேயே ‘ஜி.ஜி.பி.ஓ.’ என்ற முறையை உருவாக்கியிருந்தார். எதிராளி என்ன அமுக்குவார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டுவது, ஊகம் தவறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னே போய்த் திருத்துவது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ அந்த வழிக்குப் போகவில்லை. தொலைவு கூடக் கூட அது ஆடுபவரைக் காக்க வைத்தது.

‘ஆர்கேட் எடிஷன்’ வந்த அதே 2011-இன் செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. உத்தமபாளையத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவர் வீட்டுக்கு முதல்முதலாக ஒரு கணினி வந்த வழி பெரும்பாலும் இதுதான். அதில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வழுக்கிக்கொண்டு ஓடும். 4-ஐ ஓட்டினால் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கியும் திணறும். கேப்காமின் எந்தத் திட்டத்திலும் இந்த மடிக்கணினி கணக்கில் இருந்திருக்காது. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் விளையாட்டு வரலாற்றில் எந்த மறுவெளியீட்டையும்விட அதன் பங்கு பெரிது.

எல்லாப் பதிப்புகளையும் விழுங்கிய பதிப்பு

2014 ஆகஸ்ட்டில் ‘அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ கணினிக்கு வந்தது. 44 பேர். மைக்ரோசாஃப்ட்டின் பூட்டு போய் ஸ்டீமின் ஏற்பாடு வந்தது. ‘ஆர்கேட் எடிஷன்’ வைத்திருந்தவர்கள் முழு விலை தர வேண்டியதில்லை, 15 டாலர் மேம்பாட்டுக் கட்டணம் போதும். இதில் என்னைக் கவர்வது ‘எடிஷன் செலக்ட்’ என்ற வசதி. ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்த பின், அவருடைய எந்தக் காலத்து வடிவம் வேண்டும் என்றும் கேட்கும். அடங்காத வலுவோடு இருந்த 2009-இன் சாகத், எல்லோரையும் அழவைத்த 2011-இன் யுன், எல்லாரும் ஒரே மேடையில். பிரவுசிங் சென்டர் சிடியில் தற்செயலாக நடந்ததைக் கேப்காம் இங்கே தானே செய்திருக்கிறது.

‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ 2016 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4-க்கும் கணினிக்கும் ஒரே நாளில் வந்தது. இரண்டிலும் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடலாம். 2018-இன் ‘ஆர்கேட் எடிஷன்’ பழைய உரிமையாளர்களுக்கு இலவசம். 2020-இன் ‘சாம்பியன் எடிஷன்’ 40 பேரோடு வந்தது. புதிய வீரர்களை வாங்காதவரும் வாங்கியவரும் ஒரே களத்தில் ஆடினார்கள். பதிப்புக்குப் பதிப்பு மறுபடி விற்கும், 1992-இல் தொடங்கிய பழைய வழக்கம் இங்கே முறிந்தது. ஆனால் பூட்டு மோகம் விடவில்லை. 2016 செப்டம்பரில் ஏமாற்றுவேலையைத் தடுக்க என்று கணினியின் ஆழ்தளம்வரை இறங்கும் ஒரு கோப்பை அப்டேட்டோடு அனுப்பினார்கள். எந்தத் தீநிரலும் அதைப் பிடித்துக்கொண்டு கணினியைக் கைப்பற்றலாம் என்று தெரிந்ததும் அவசரமாகத் திரும்பப் பெற்றார்கள்.

2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலை போடத் தொடங்கியது; 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2011-இல் இருந்த இரு தடைகளும் ஏறக்குறைய ஓராண்டுக்குள் தளர்ந்தன. அதற்குள் 5-ஆம் பதிப்பு 64 பிட் விண்டோஸும் 6 ஜி.பி. ராமும் கேட்கத் தொடங்கியிருந்தது. மலிவான இணையம் வந்ததும் பையன்கள் போனுக்குப் போய்விட்டார்கள்.

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5: சாம்பியன் எடிஷன்’ பதக்கப் போட்டியாக நடந்தது. இந்தியாவின் சார்பில் மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் ஆடினார்கள். தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூ நாற்பது வயதைத் தாண்டியவர், காசு இயந்திரக் காலத்து ஆள். 2022-இல் நடந்திருக்க வேண்டிய போட்டி ஓராண்டு தள்ளிப்போனதால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ 2023 ஜூன் 2-ஆம் தேதியே வெளியாகிவிட்டது. ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரர்கள் புதியதை ஓரம்கட்டிவிட்டு, காலாவதியான பதிப்புக்குத் திரும்பிப் பயிற்சி எடுத்தார்கள்.

2026 ஐச்சி–நகோயா ஆசியப் போட்டிக்கு 6-ஆம் பதிப்பு அறிவிக்கப்பட்டது. 2025 ஜூனில் அதுவும் இரண்டாண்டு வீரர்களைச் சேர்த்துக் கட்டிய புதுப் பதிப்பாக மறுபடி வந்தது. 26 பேர், தால்சிம் உட்பட. தீப்பந்துக்குக் கால்வட்டம் சுழற்ற வேண்டாம், ஒரு பொத்தான் போதும் என்கிற ‘மாடர்ன்’ முறையும் இதில் உண்டு. விசைப்பலகையில் ஆடி வளர்ந்தவருக்கு இதைவிட இதமான மாற்றம் இந்தத் தொடரில் வந்ததில்லை. கணினியில் அது கேட்கும் குறைந்தபட்சம் 8 ஜி.பி. ராமும் ஜி.டி.எக்ஸ். 1060 கிராஃபிக்ஸ் கார்டும்.