கடற்கரையில் தொடங்கிய ஆடல்



யூபிலி என்ற சொல் எபிரேயரின் 'யோபேல்' என்பதிலிருந்து வந்தது. யோபேல் என்றால் ஆட்டுக்கடா. அதன் கொம்பால் செய்த எக்காளத்திற்கும் அதுவே பெயர். ஐம்பதாம் ஆண்டில் அந்தக் கொம்பை ஊதி, அடிமைப்பட்டவனுக்கு விடுதலையும் நிலத்தை இழந்தவனுக்கு நிலமும் அறிவிக்க வேண்டுமென்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அந்தக் கொம்பொலியைக் கேட்ட அடிமை எப்படி நின்றிருப்பான்? கைகட்டி, வாய்பொத்தி நின்றிருப்பானா?

இக்கேள்வி நம் மனத்தில் எழக் காரணம், யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதமே. தேர்ப் பவனிக்கு முன்னால் ஆடலாமா, கூடாதா என்று பேச்சு வந்தது. "கோயில் காரியத்தில் ஆட்டம் எதற்கு, சாமி?" என்றார் ஒரு பெரியவர். "வேதத்திலேயே இருக்கிறதே, சாமி" என்றான் ஓர் இளைஞன். இருவர் முகத்திலும் கோபம் இருந்தது. கூட்டத்தில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

வேதாகமத்தில் முதன்முதல் நாம் காணும் ஆடல் ஒரு கடற்கரையில் நடந்தது. கடலோர மக்களாகிய நாம் இதைக் கவனிக்கத் தவறிவிட்டோம். இஸ்ராயேலர் செங்கடலைக் கடந்து கரையேறினார்கள். துரத்தி வந்த பார்வோன் படை நீரில் மூழ்கியது. அப்போது மோயீசனின் சகோதரி மிரியாம் கையில் கஞ்சிராவை எடுத்தாள். பெண்கள் எல்லாரும் கஞ்சிராக்களோடு ஆடிக்கொண்டு அவள் பின்னே போனார்கள் (யாத்திராகமம் 15). இரவெல்லாம் பயந்து நடுங்கிய கால்கள் அவை. முன்னே கடல், பின்னே சேனை. அந்தப் பயம் தீர்ந்தபோதுதான் ஆடின. அங்கே ஆடலைக் குறிக்கும் எபிரேயச் சொல் வட்டமாய்ச் சுழல்வதைச் சுட்டும் வேரிலிருந்து வருவது. நம் பாட்டிமார் கும்மியடிக்கும்போது எப்படிச் சுற்றி வந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அதே ஆகமத்தின் 32-ஆம் அதிகாரத்தில் இன்னொரு ஆடலும் உண்டு. மோயீசன் மலையினின்று இறங்கி வரும்போது, மக்கள் பொன் கன்றுக்குட்டிக்கு முன் ஆடிக்கொண்டிருக்கக் காண்கிறார். எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் சொல் ஒன்றே. ஆடினவர்களும் அதே மக்களே. யார் முன் ஆடினார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஆகவே பெரியவரின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஏரோதின் விருந்தில் ஒரு பெண் ஆடியதற்கு ஸ்நாபக அருளப்பரின் தலையே விலையாயிற்று என்பதையும் மறக்கலாகாது.

இனி, எல்லாரும் அறிந்த தாவீது அரசரிடம் வருவோம். உடன்படிக்கைப் பேழையை எருசலேமுக்குக் கொண்டுவர அவர் எடுத்த முதல் முயற்சி சாவில் முடிந்தது. வண்டி சாய்ந்தபோது பேழையைத் தாங்கக் கை நீட்டிய ஊசா அங்கேயே விழுந்து இறந்தான். தாவீது பயந்து, பேழையை ஓபேத் ஏதோம் வீட்டில் விட்டுவிட்டார். மூன்று மாதம் அது அங்கேயே இருந்தது. மறுமுறை பேழையைச் சுமந்தவர்கள் ஆறு அடி நடந்ததும் பலியிட்டார். அதன்பின் சணல் நூல் ஏபோத்து மட்டும் அணிந்து, தம் முழுப் பலத்தோடும் ஆண்டவர் முன் ஆடினார் (2 சாமுவேல் 6). இங்கேயும் ஆடல் அச்சத்தைக் கடந்தே வருகிறது. சவுலின் மகள் மிக்கால் அதைச் ஜன்னல் வழியே பார்த்தாள். தன் உள்ளத்தில் அவரை இகழ்ந்தாள். அரசர் வேலைக்காரப் பெண்களின் கண்முன் இப்படி நடக்கலாமா என்பது அவள் கேள்வி. ஆண்டவர் முன் இன்னும் தாழ்ந்தவனாவேன் என்பது அவர் விடை. ஒரு வேடிக்கை சொல்கிறோம்: இந்நூலைப் பழங்காலத்தில் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், அரசர் ஆடினார் என்ற முதல் இடத்தில் இசைக்கருவி மீட்டினார் என்று எழுதிவிட்டார்கள். அவர்களுக்கும் கூச்சம் வந்ததோ என்னவோ!

இந்தப் பேழைக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு லூக்காஸ் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கன்னிமரியாள் யூதேயா மலைநாட்டிற்குப் போகிறாள். பேழை வந்ததும் அந்த மலைநாட்டு வழியேதான். ஆண்டவருடைய பேழை என்னிடம் வருவதெப்படி என்றார் தாவீது. என் ஆண்டவரின் தாய் என்னிடம் வர நான் யார் என்கிறாள் எலிசபெத்தம்மாள். பேழை மூன்று மாதம் தங்கியது. மாதாவும் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினாள். அப்படியானால் பேழைக்கு முன் ஆடியவர் எங்கே? எலிசபெத்தம்மாள் வயிற்றில் இருக்கிறார்! இன்னும் பிறவாத அருளப்பர் துள்ளுகிறார். அங்கே லூக்காஸ் கையாளும் கிரேக்கச் சொல் 'ஸ்கிர்த்தாவோ' என்பது. கொட்டிலை விட்டு வெளியே வரும் கன்றுகள் துள்ளுவதை மலாக்கியாஸ் ஆகமத்தின் கிரேக்கப் பெயர்ப்பு இதே சொல்லால் குறிக்கிறது. எகிப்தினின்று மக்கள் புறப்பட்டபோது மலைகள் ஆட்டுக்கடாக்களைப் போலத் துள்ளியதைப் பாடும் சங்கீதத்திலும் இதே சொல். லூக்காஸ் இன்னும் ஓரிடத்தில் இதைப் பயன்படுத்துகிறார்: மனுமகனை முன்னிட்டு மனிதர் உங்களைப் பகைத்து ஒதுக்கும் அந்நாளிலே துள்ளி மகிழுங்கள் என்று நம் ஆண்டவர் சொல்லும் இடத்தில் (6:23). தாய் வயிற்றில் தொடங்கிய துள்ளல் துன்பகாலத்திலும் நிற்கக் கூடாது என்பது அவர் எதிர்பார்ப்பு.

எருசலேம் தேவாலய வாசலில் பிறவியிலேயே நடக்க முடியாதவன் ஒருவனைத் தினமும் சுமந்து வந்து வைப்பார்கள். இராயப்பர் அவன் வலக்கையைப் பிடித்துத் தூக்கினார். அவன் நடந்தும் குதித்தும் கடவுளைப் புகழ்ந்தும் உள்ளே போனான் என்கிறது அப்போஸ்தலர் பணி. முடவன் மான்போல் துள்ளுவான் என்று இசையாஸ் முன்னுரைத்தது நிறைவேறிற்று. உள்ளே இருந்தவர்கள் யாரும் அவனை 'சும்மா நில்' என்று அதட்டியதாகத் தெரியவில்லை. ஊதாரிப் பிள்ளை திரும்பி வந்த வீட்டிலும் இசையும் நடனமும் கேட்டன. வாசலிலேயே நின்று உள்ளே வர மறுத்தவன் மூத்த மகன்.

திருச்சபை இவ்விஷயத்தில் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை. பழங்கால மேற்றிராணிமார் பலர் திருநாள் ஆட்டங்களைக் கடுமையாகச் சாடினர். 589-இல் கூடிய தொலேதோ சங்கம் புனிதர் விழாக்களில் ஆடுவதைத் தடைசெய்தது. குடியும் கூத்துமாய் அவை சீரழிந்திருந்தன. எனினும் ஸ்பெயின் நாட்டுச் செவில்லா பேராலயத்தில் திவ்விய நற்கருணைக்கு முன் சிறுவர்கள் ஆடும் வழக்கம் இன்றும் உண்டு. லக்சம்பர்க் நாட்டின் எக்டர்நாக் நகரில், பெந்தகோஸ்து ஞாயிறுக்கு அடுத்த செவ்வாயன்று, மக்கள் கையில் வெள்ளைத் துணியைப் பிடித்துத் துள்ளித் துள்ளியே புனித வில்லிபிரோர்டின் கல்லறைக்குப் போகிறார்கள். 1975-இல் உரோமையில் வெளியான குறிப்பு, மேல்நாடுகளில் நடனம் கேளிக்கையோடு பிணைந்துவிட்டதால் அங்கே வழிபாட்டில் அதைச் சேர்க்கலாகாது என்றது. சமய உணர்வையே ஆடலால் வெளியிடும் மக்களின் நிலை வேறென்றும் ஒப்புக்கொண்டது. 1988-இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டுத் திருப்பலி முறை ஆடலோடு அங்கீகாரம் பெற்றது. 1994-ஆம் ஆண்டு போதனை, கைதட்டலும் அசைவும் ஆடலும் கூட்டுச் செபமாக இருக்கவேண்டும், வெறும் காட்சியாகக் கூடாது என்று எல்லை வகுத்தது.

நம் நாட்டிலோ புதுமை ஏதுமில்லை. கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்கள் விளக்கைச் சுற்றி மார்க்கங்களி ஆடினார்கள். அங்குள்ள கடலோரக் கத்தோலிக்கரின் சவிட்டு நாடகத்தை உருவாக்கியவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பி அண்ணாவி நம் தமிழரே. குமரிப் பக்கத்துக் களியலையும் யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்தையும் இங்கே நீட்டிச் சொல்ல இடமில்லை. 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்டு உரோமை அனுமதித்த பன்னிரண்டு அம்சங்களில் பஞ்சாங்க வணக்கமும் ஆரத்தியும் இருந்தன.

நம் கரைக்கு விசுவாசம் வந்த விதத்தையும் சொல்லவேண்டும். 1535 தொடங்கி நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றனர். 1542-இல் சவேரியார் வந்தார். இதோ பக்கத்து மணப்பாட்டில் அவர் தங்கிய குகை இருக்கிறது. 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில், கையில் மணியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி மக்களைக் கூட்டியதையும், சிலுவை அடையாளம் போடக் கற்பித்ததையும், விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் அவர்கள் மார்பின்மேல் கைகளைச் சிலுவையாக வைத்து விடை சொன்னதையும், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கை ஓய்ந்துபோனதையும் அவர் விவரிக்கிறார். எழுத்தறியாத நம் முன்னோர் விசுவாசத்தைக் கையாலும் மார்பாலும் முழங்காலாலும் கற்றார்கள். 1806-இல் தூத்துக்குடியில் பனிமயத் தாயின் பொன்தேர் முதன்முதல் ஓடியபோது வடம் பிடித்த கைகளும், அன்றாடம் கடலில் வலை இழுத்த கைகளே. கரைவலை இழுக்கையில் 'ஏலேலோ' என்று குரல் எழுகிறதே, அதற்குப் பொருள் என்ன என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? அறுவடை செய்வோர் ஆனந்தம் மிகுந்து சொல்லை விட்டு வெறும் ஒலியெழுப்புவதைப் புனித அகுஸ்தீனார் ஒரு சங்கீத விளக்கத்தில் எடுத்துக்காட்டி, கடவுளை அப்படித் துதிக்கச் சொன்னார். அவர் நம் கரைக்கு வந்திருந்தால் வலைக்காரரையும் சேர்த்திருப்பார்.

இங்கே நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்ததே, அதற்கு அடுத்து வந்த திருவிழாவில், அப்போது நாம் இருந்த வேறொரு கடற்கரைப் பங்கில், ஒரு முதியவர் சப்பரத்துக்கு முன்னால் தன்னந்தனியாக ஆடிக்கொண்டு வந்தார். குருமனை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தோம். குடித்திருக்கிறார் என்று தீர்மானித்து, ஆளனுப்பி அவரை விலக்கச் செய்தோம். மறுநாள் அவரே வந்தார். "குடிக்கல்ல சாமி. எம் மவன் கடல்ல போயி, செத்தாம்னு நெனச்ச பொறவு ஒம்பதாம் நாளு கரைக்கு வந்தான். மாதாவப் பாத்ததும் காலு நிக்கமாட்டேன்னிட்டு" என்றார். நம்மிடம் பதில் இல்லை. அன்றுமுதல் மிக்காலின் ஜன்னலைப் பற்றிப் பிரசங்கிக்க நமக்குத் துணிவு வந்ததில்லை. இங்கே எழுதத்தான் முடிந்தது.

இப்போது நம் பவனிக்கு வருவோம். சினிமாப் பாட்டும், சாராய வாடையும், ஒலிபெருக்கிச் சண்டையும் கன்றுக்குட்டியின் பக்கம் சேர்ந்தவை, அவற்றுக்கு இடமில்லை. இதில் பெரியவர் சொன்னதே சரி. தேர் கடலைப் பார்த்துத் திரும்பும் இடத்தில் கால்மணி நேரம் நிற்கும். அங்கே தாய்மார் கும்மியும் இளைஞர் கோலாட்டமும் நடைபெறும். கடலில் போய்த் திரும்பாதவர்களுக்காக அதற்கு முன் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லப்படும். பழைய கும்மிப் பாட்டுகளை அறிந்தவர்கள் இப்போது குறைவு. ஆட்டம் எதற்கு என்று கேட்ட அதே பெரியவர் சென்ற ஞாயிறு பூசை முடிந்து வந்து, தம் வீட்டம்மாவுக்கு ஏழெட்டுப் பாட்டு தெரியும், ஆனால் முழங்கால் வலி, உட்கார்ந்து பாடலாமா என்று விசாரித்தார். தாராளமாகப் பாடலாம். சனிக்கிழமைதோறும் மாலைச் செபமாலைக்குப் பின் கோயில் முற்றத்தில் பயிற்சி நடக்கும். நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறோம்.