உரித்த கோழியும் லோடு போர்டும்

லாரி ஓட்டத் தெரியாதவன் லாரி வரலாறு எழுதுறான்னு சிரிக்காதீங்க. அமெரிக்காவுல சொந்த லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவங்களுக்கு ஓனர்-ஆபரேட்டர்னு பேரு. அவங்க சரக்கு தேடுற இணையப் பலகைதான் லோடு போர்டு. இந்த ஊர்ல சரக்கு இருக்கு, அந்த ஊருக்குப் போகணும்னு புரோக்கர் போடுவார். லாரிக்காரர் பார்த்துட்டு போன் போட்டு வாடகை பேசுவார். நம்மூர் லாரி புக்கிங் ஆபீஸ் பண்ற அதே வேலைதான், கட்டடம் மட்டும் கிடையாது. இது எப்படி வந்ததுன்னு படிக்கப் போனவன் கடைசியில கோழியில வந்து மாட்டிக்கிட்டேன்.

1935-ல அங்க மோட்டார் கேரியர் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. மாநிலம் விட்டு மாநிலம் போற வாடகை லாரி எந்தச் சரக்கை, எந்த ஊருக்கு, எந்த வழியா கொண்டு போகலாம்னு ஐசிசி என்ற ஆணையம்தான் அனுமதி தரணும். வாடகையையும் முன்கூட்டியே அங்க தாக்கல் செய்யணும். கம்பெனிகள் கூடி உட்கார்ந்து ரேட் பேசிக்கிறதுக்கு 1948-ல தனிச் சட்டமே பாதுகாப்பு குடுத்துச்சு. ஜனாதிபதி ட்ரூமன் வீட்டோ போட்டுப் பார்த்தார், காங்கிரஸ் கேக்கலை. இதுல பெரிய கூத்து, சிலருக்குப் போகும்போது சரக்கு ஏத்த அனுமதி இருக்கும், திரும்பும்போது இருக்காது. காலி வண்டியை உருட்டிக்கிட்டு வரணும்.

ஒத்தை லாரிக்காரருக்குப் பெரும்பாலும் ரெண்டே வழி. அனுமதி வச்சிருக்கிற கம்பெனிக்கு வண்டியை லீசுக்கு விட்டு வாடகையில ஒரு பங்கு வாங்கிக்கலாம். இல்லைன்னா, சட்டத்துல விலக்கு இருந்த விவசாயப் பொருள்களை ஏத்தலாம். தக்காளி, ஆரஞ்சு மாதிரி. ஆனா தொழிற்சாலையில செஞ்ச பொருளுக்கு விலக்கு கிடையாது.

அப்ப கோழி? உயிரோட இருந்தா விவசாயப் பொருள், சரி. இறகு பிடுங்கி, சுத்தம் பண்ணி, ஐஸ்ல வச்சா? இந்தக் கேள்வி நிஜமாவே உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு! உரிச்சாலும் உறைய வச்சாலும் கோழி கோழிதான்னு 1956-ல தீர்ப்பு. விலக்கு கிடைச்சதும் என்ன ஆச்சுன்னு விவசாயத் துறை கணக்கெடுத்தப்ப, கோழிக்கான லாரி வாடகை சுமார் மூணுல ஒரு பங்கு இறங்கியிருந்தது. அனுப்புறவருக்குக் கொண்டாட்டம். ஓட்டுறவருக்கு? பின்னாடி வரப்போறதுக்கு இது ஒரு டிரெய்லர்னு எனக்குத் தோணுது.

1973 எண்ணெய் நெருக்கடி, டிசம்பர்ல லாரிக்காரங்க நெடுஞ்சாலையை மறிச்சது எல்லாம் தனிக்கதை. நேரா 1978-க்கு வருவோம். ஆரிகன் மாநிலம் போர்ட்லாண்ட்ல ஜூபிட்ஸ்னு ஒரு லாரி நிறுத்தம். சாப்பாடு, டீசல், தூங்க இடம் எல்லாம் உண்டு. அங்க டயல்-எ-டிரக்னு ஒரு சேவை தொடங்கினாங்க. புரோக்கர் போன்ல லோடு விவரம் சொன்னா, லாரி நிறுத்தத்துல இருக்கிற திரையில அது ஓடும். காபி குடிச்சுக்கிட்டே அண்ணாந்து பார்க்கலாம். இன்னைக்கு டிஏடி-ன்னு சொல்ற போர்டோட ஆரம்பம் அதுதான்.

ரெண்டே வருஷத்துல, 1980 ஜூலை 1-ம் தேதி, ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துல கட்டுப்பாடு தளர்ந்தது. 1990-க்குள்ள உரிமம் வச்ச கம்பெனிகள் 40,000-ஐத் தாண்டிடுச்சு, முன்னை மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல. 1995-ல ஐடஹோவுல ஒருத்தர் லோடு போர்டை இணையத்துக்கே கொண்டு வந்தார். அதே வருஷக் கடைசியோட ஐசிசி-யையே மூடிட்டாங்க.

ஆக, ரேட் சொல்ல யாரும் இல்லை. இனி ஓட்டுறவரே கணக்குப் போடணும். 600 மைலுக்கு 1500 டாலர்னு ஒரு லோடு வருதுன்னு வச்சுக்கோங்க. மைலுக்கு ரெண்டரை டாலர், நல்லா இருக்கே? ஆனா சரக்கு எடுக்கவே 120 மைல் காலியா போகணும். 720 மைலுக்கு வகுத்தா 2.08 தான். கேலனுக்கு ஆறரை மைல், டீசல் 4 டாலர்னா எண்ணெய்க்கு மட்டும் 443 போச்சு. டயர், இன்சூரன்ஸ், வண்டித் தவணை எல்லாம் மிச்சத்துல இருந்துதான். அதோட, போய்ச் சேர்ற ஊர் எதுன்னும் பார்க்கணும். ஃபுளோரிடாவுக்கு உள்ளே போக நல்ல வாடகை கிடைக்கும். வெளியே வர? வசந்தத்துல காய்கறி, பழ சீசன் விட்டா ரிட்டர்ன் லோடு அடிமாட்டு விலைதான். அதனால அனுபவஸ்தர்கள் போக்கும் வரவும் சேர்த்துத்தான் ரேட் பார்ப்பாங்க.

இவ்வளவு கணக்குப் போட்டாலும் ஒண்ணு மட்டும் போர்டுல தெரியாது. சரக்கு அனுப்புறவர் புரோக்கருக்கு எவ்வளவு குடுத்தார்? இப்ப தடத்துக்குத் தடம் சராசரி வாடகை காட்டுறாங்க. ஆனா இந்த லோடுக்குன்னு கேட்டா மூச். சட்டத்துல இடம் இருக்கு. கூட்டாட்சி விதி 371.3 படி, பரிவர்த்தனையில இருக்கிற எல்லாருக்கும் கணக்கைப் பார்க்க உரிமை உண்டு. அந்த உரிமையை விட்டுக்குடுக்கிறேன்னு பல புரோக்கர்கள் ஒப்பந்தத்துலயே கையெழுத்து வாங்கிடுவாங்க. போடலைன்னா லோடு கிடையாது. இது எனக்கு அநியாயமாத்தான் படுது. புரோக்கருக்கும் ஆபீஸ் செலவு இருக்கு, லாபம் வேணும், ஒத்துக்கறேன். மறைக்கிறது எதுக்கு?

2020 மே மாசம், கொரோனாவுல வாடகை தரைமட்டமானப்ப, லாரிக்காரங்க வாஷிங்டனுக்கே வண்டியைக் கொண்டு வந்து வெள்ளை மாளிகைக்குப் பக்கத்துல வாரக்கணக்குல நிறுத்தி ஹாரன் அடிச்சாங்க. முக்கியக் கோரிக்கையே இந்தக் கணக்கைக் காட்டுங்கறதுதான். 2021-ல வாடகை எகிறிடுச்சு, கூட்டமும் கலைஞ்சிருந்தது. 2022-ல மறுபடி சரிவு. 2024 நவம்பர்லதான் லாரி நிர்வாகத் துறை, கேட்ட 48 மணி நேரத்துக்குள்ள புரோக்கர் கணக்கைத் தரணும்னு ஒரு வரைவு விதியை வெளியிட்டுச்சு. ஹாரன் அடிச்சு அப்ப நாலரை வருஷம் ஆகியிருந்தது.