முப்புரிச் சுருளும் சென்னை ஆய்வுக்கூடமும்: கொலாஜன் அமைப்பு விவாதம் (1954–1963)

ஆய்வுச் சுருக்கம்

விலங்குடலில் மிகுதியாகக் காணப்படும் புரதமான கொலாஜனின் மூலக்கூறு அமைப்பை 1954 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிய அந்த அமைப்பின் அடிப்படை ஏற்கப்பட்டது. அதன் நுண்கூறுகளோ மறுக்கப்பட்டன. அம்மறுப்புக்கு விடை காணும் முயற்சியே 1963 இல் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ உருவாக வழிவகுத்தது. சென்னை ஆய்வின் நிலைத்த பயன், சரியென நிறுவப்பட்ட பகுதியோடு நிற்காமல், கேள்விக்குள்ளான பகுதியிலிருந்தும் விளைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கொலாஜன், முப்புரிச் சுருள், கிளைசின், ஹைட்ரஜன் பிணைப்பு, இராமச்சந்திரன் வரைபடம், சென்னைப் பல்கலைக்கழகம்

முன்னுரை

இந்திய அறிவியல் வரலாற்றை எழுதுவோர் இராமச்சந்திரனின் கொலாஜன் ஆய்வை இருவகையாகக் கூறுவது வழக்கம். உரிய புகழ் கிட்டாத சாதனை என்பது ஒன்று. பின்வந்த பெருஞ்சாதனைக்கு முன்னோட்டம் என்பது மற்றொன்று. இவ்விரு கூற்றுகளும் 1955 இல் எழுந்த மறுப்பை ஒரு தடையாக மட்டுமே காண்கின்றன. அம்மறுப்பில் வேதியியல் அடிப்படையில் எது சரி, எது தவறு என்று பிரித்துக் காணாமல் சென்னை ஆய்வின் இடத்தை மதிப்பிட இயலாது. எனவே, விவாதத்தின் வேதியியல் உள்ளடக்கத்தை முதலில் விளக்கி, அதன்பின் வரலாற்றுப் போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொலாஜன் முன்வைத்த புதிர்

தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றின் வலிமைக்குக் கொலாஜனே அடிப்படை. தமிழகத்தில் நெடுங்காலமாக ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டு வந்தோர் கையாண்டதும் இப்புரதத்தையே. பட்டையிலுள்ள டானின்கள் கொலாஜன் இழைகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைவதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. தோலையும் எலும்பையும் நீரில் காய்ச்சும்போது அதே இழைகள் பிரிந்து ஜெலட்டின் ஆகின்றன. தச்சர் பயன்படுத்திய வச்சிரப் பசையும் இவ்வாறு பெறப்பட்டதே.

இப்புரதத்தின் அமினோ அமிலக் கூட்டமைவு பிற புரதங்களினின்று பெரிதும் வேறுபட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பக்கத்தொடரற்ற மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வளைய அமைப்புடைய புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும். புரோலினின் வளையம் சங்கிலியின் திருப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. மேலும், பெப்டைடு பிணைப்பில் அமைந்த புரோலினின் நைட்ரஜனில் ஹைட்ரஜன் அணு இல்லாமையால், அது ஹைட்ரஜன் பிணைப்பை வழங்க இயலாது. ஆகவே 1951 இல் லைனஸ் பாலிங், ராபர்ட் கோரி ஆகியோர் குழு அறிவித்த ஆல்ஃபா சுருள் கொலாஜனுக்குப் பொருந்தவில்லை. அதே ஆண்டில் பாலிங்கும் கோரியும் கொலாஜனுக்கெனத் தனியே முன்வைத்த மூன்று சங்கிலி மாதிரியும் எக்ஸ் கதிர்ப் படங்களோடு இசையவில்லை.

சென்னையில் உருவான மாதிரி

1922 இல் எர்ணாகுளத்தில் பிறந்த இராமச்சந்திரன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. இராமனிடம் பயின்று, பின் கேம்பிரிட்ஜிலும் முனைவர் பட்டம் பெற்றவர். 1952 இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். சென்னைக்கு வந்த படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சுட்டியது இத்துறைக்குத் தூண்டுதலாயிற்று.

ஆய்வுப்பொருளும் அந்நகரிலேயே கிட்டியது. 1948 இல் நிறுவப்பட்டு அடையாறில் இயங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து, கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற தூய கொலாஜன் இவர்களுக்குக் கிடைத்தது. தோல் பதனிடும் தொழிலுக்காக நிறுவப்பட்ட ஓர் ஆய்வு நிறுவனம் மூலக்கூறு உயிரியற்பியலுக்குத் துணைநின்றமை கருதத்தக்கது. கொலாஜன் அங்கே தொழிற்பொருள்; பல்கலைக்கழகத்தில் அதுவே கோட்பாட்டுச் சிக்கல்.

1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியான முதல் கட்டுரை, இணையாகச் செல்லும் மூன்று சுருள் சங்கிலிகளை முன்வைத்தது. கிளைசின் மூன்றில் ஒரு பங்காக இருப்பதற்கு அது காரணம் கூறியது. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் வேறெந்தப் பக்கத்தொடருக்கும் இடமில்லை. எனவே ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசினே அமைய வேண்டும். பின்னர் அமினோ அமில வரிசைகள் கண்டறியப்பட்டபோது, சுருள் பகுதியில் இக்கூற்று அவ்வாறே உறுதிப்பட்டது.

1955 செப்டம்பரில் வெளியான இரண்டாம் கட்டுரை இம்மாதிரியைத் திருத்தியது. மூன்று சங்கிலிகளும் பொது அச்சொன்றைச் சுற்றி மேலும் முறுக்கப்பட்டுள்ளன என்பது அத்திருத்தம். தனிச்சங்கிலி இடஞ்சுழியாகவும் மூன்றும் சேர்ந்த சுருள் வலஞ்சுழியாகவும் அமைகின்றன. கயிறு திரிப்போர் புரிகளை ஒரு திசையில் முறுக்கி, அவற்றை எதிர்த்திசையில் சேர்த்துத் திரிப்பர். அதனால் கயிறு எளிதில் பிரிவதில்லை. கொலாஜனின் இழுவலிமைக்கும் இத்தகைய எதிர்முறுக்கே காரணம். நிலவு தன் ஒரு முகத்தையே எப்போதும் பூமிக்குக் காட்டுவதுபோல, ஒவ்வொரு சங்கிலியும் தன் கிளைசின் பக்கத்தையே அச்சை நோக்கி வைத்திருக்கிறது. ‘முப்புரிச் சுருள்’ என்ற சொல் இவ்வமைப்புக்கு முற்றும் பொருந்துவதாகும்.

மறுப்பும் அதன் அடிப்படையும்

1955 நவம்பரில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோர் அதே இதழில் கொலாஜன் அமைப்புப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் என்பதும் எதிர்முறுக்கு என்பதும் அதில் ஏற்கப்பட்டன. இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த குழுவொன்றும் அவ்வாண்டிலேயே ஒத்த முடிவை வெளியிட்டது. எனவே, சென்னை மாதிரியின் வடிவம் குறித்துக் கருத்து வேறுபாடு எழவில்லை. வேறுபாடு இரண்டு நுண்கூறுகளில் அமைந்தது.

முதலாவது, ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை. மூன்று அமினோ அமில அலகுகளுக்கு இரண்டு பிணைப்புகள் என்பது சென்னை மாதிரி. ஒன்றே என்பது ரிச்–கிரிக் மாதிரி. இரண்டாவது, அணுக்களின் நெருக்கம். இரண்டு பிணைப்புகளுக்கு இடமளிக்கும் வகையில் சங்கிலிகளை அமைத்தால், ஒன்றோடொன்று பிணையாத சில அணுக்கள் இயல்புக்கு மீறி நெருங்குகின்றன என்று மறுப்பாளர் கூறினர்.

பிணைப்பில் இல்லாத இரு அணுக்கள் ஓர் எல்லைக்கு மேல் நெருங்கும்போது ஒன்றையொன்று விலக்குகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வெல்லை எது என்பதற்கு அன்று ஒருமித்த அளவுகோல் இல்லை. ‘மிகையான நெருக்கம்’ என்ற குற்றச்சாட்டின் வலிமையும் அதன் நெகிழ்ச்சியும் இதிலேயே அடங்கியிருந்தன. இவ்விடத்தில் சென்னைக் குழு தன் மாதிரிக்காக வாதிடுவதோடு நிற்கவில்லை. அளவுகோலையே தேடத் தொடங்கியது.

மறுப்பிலிருந்து பிறந்த வரைபடம்

இராமச்சந்திரனும் அவர்தம் மாணவர்களான சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் முதலியவற்றின் வெளியான படிக அமைப்புகளைத் திரட்டினர். அவற்றில் ஒவ்வோர் அணு இணையும் எவ்வளவு தொலைவுவரை நெருங்குகின்றன என்று கணித்தனர். இயல்பாக அனுமதிக்கப்படும் எல்லை, அதற்கும் கீழான கடைசி எல்லை என இருவகை அளவுகள் வகுக்கப்பட்டன.

அடுத்த நிலையில் கேள்வி விரிவடைந்தது. கொலாஜன் மட்டுமின்றி, எந்தப் புரதச் சங்கிலியும் எவ்வாறெல்லாம் மடங்க இயலும் என்பதே அக்கேள்வி. பெப்டைடு பிணைப்பு தளமாக இருப்பதால், ஒவ்வொரு ஆல்ஃபா கார்பனையும் ஒட்டி இரண்டு திருகு கோணங்களே மாறக்கூடியவை. நைட்ரஜனுக்கும் ஆல்ஃபா கார்பனுக்கும் இடைப்பட்ட பிணைப்பைச் சுற்றியது ‘ஃபை’. ஆல்ஃபா கார்பனுக்கும் கார்பனைல் கார்பனுக்கும் இடைப்பட்டதைச் சுற்றியது ‘சை’. இவ்விரு கோணங்களின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் அணுக்கள் மோதுகின்றனவா என்று மேசைக் கணக்குப் பொறிகளின் துணையோடு கணித்து, மோதலற்ற பகுதிகளை ஒரு தளத்தில் குறித்தனர். பரப்பின் பெரும்பகுதி விலக்கப்பட்டதாகவும் சில சிறு தீவுகளே அனுமதிக்கப்பட்டவையாகவும் அமைந்தன. ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு, கொலாஜன் சங்கிலி ஆகியவை அத்தீவுகளுக்குள்ளேயே அடங்கின. பக்கத்தொடரற்ற கிளைசினுக்கு மட்டும் பரப்பு மிக விரிந்திருந்தது.

1963 இல் ‘மூலக்கூறு உயிரியல் ஆய்விதழ்’ இதனைச் சிறு கட்டுரையாக வெளியிட்டது. அன்று அணுநிலை அளவில் அறியப்பட்டிருந்த கோளப் புரதம் மயோகுளோபின் ஒன்றே. பின்னர் அமைப்புக் கண்டறியப்பட்ட ஆயிரக்கணக்கான புரதங்களுக்கும் இவ்வரைபடம் பொருந்தியது. புதிதாக அறிவிக்கப்படும் புரத அமைப்பு நம்பத்தக்கதா என்று சோதிக்கும் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாக இன்றும் அது விளங்குகிறது.

பிற்காலச் சான்றுகள்

நுண்கூறுகள் குறித்த விவாதத்துக்குப் படிகச் சான்று 1994 இல் கிட்டியது. பெய்யா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் ஆகியோர் கொலாஜன் ஒத்த பெப்டைடு ஒன்றின் அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ரோம் நுட்பத்தில் வெளியிட்டனர். மூன்று அலகுகளுக்கு ஒரு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பே அதில் காணப்பட்டது. இக்கூறில் ரிச்–கிரிக் மாதிரியே சரி. ஆயினும் சங்கிலிகளைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் வழியான பிணைப்புகளும் அப்படிகத்தில் தெளிவாகப் புலப்பட்டன. இரண்டாம் பிணைப்பு நீர் வழியே அமையலாம் என்று 1968 இலேயே இராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் கூறியிருந்தமை இங்கு நினைக்கத்தக்கது.

முப்புரி அமைப்பின் உண்மையை மருத்துவமும் காட்டுகிறது. ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் பெரிய அமினோ அமிலம் அமைந்தாலும் சுருள் குலைகிறது. எளிதில் எலும்பு முறியும் பிறவி நோய் பலருக்கு இவ்வாறே உண்டாகிறது. புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதி தொடர்ந்து இயங்க வைட்டமின் சி தேவை. அது குன்றினால் முப்புரி உடல் வெப்பத்தில் நிலைநிற்பதில்லை. ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் தோன்றுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, முப்புரி வடிவத்தையும் கிளைசினின் இடத்தையும் முதலில் சரியாக வரையறுத்த பெருமை சென்னைக்குரியது. இரண்டாவது, ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கையில் மறுப்பாளர் கூற்றே நிலைபெற்றது. இதனை மறைத்து எழுதுவது சென்னை ஆய்வுக்குப் பெருமை சேர்க்காது. மூன்றாவது, தன் மாதிரியைக் காக்க முற்பட்ட குழு, மாதிரிகள் அனைத்தையும் அளக்கும் பொது அளவுகோலை உருவாக்கியது. அவ்வளவுகோலுக்குத் தன் மாதிரியும் உட்பட்டே ஆகவேண்டும் என்பதை அறிந்தே அது அப்பணியை மேற்கொண்டது. புகழ் மறுக்கப்பட்டது என்னும் முறையீட்டைக் காட்டிலும், மறுப்பை ஆய்வுக் கேள்வியாக மாற்றிய இந்நெறியே சென்னைப் பள்ளியின் வரலாற்றில் முதன்மையிடம் பெறத்தக்கது.