ரப்பர்ச் சட்டமும் தோட்டப் பாட்டாளியும்

விலை தானே ஏறும், தானே இறங்கும். அதில் சர்க்கார் கைவைக்கலாகாது என்பது முதலாளிமார் ஓதும் வேதம். நட்டம் வந்தவுடன் அவ்வேதத்தை அவர்களே மூட்டை கட்டி வைத்த கதையை மலாயா ரப்பரின் வரலாற்றில் காணலாம்.

1910இல் இராத்தல் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்ற ரப்பர், முதல் உலகப் போருக்குப் பின் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே வீழ்ந்தது. லண்டன் கம்பெனிகள் முறையிட்டன. சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் அமைந்த குழுவின் யோசனைப்படி, 1922 நவம்பர் 1 முதல் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதிக்கு அளவு கட்டப்பட்டது. 1920 அக்டோபரோடு முடிந்த ஆண்டின் விளைச்சலே அளவுகோல். அதில் நூற்றுக்கு 60 பங்கே குறைந்த தீர்வையில் முதலில் கப்பலேறலாம், மிகுந்தால் கடுந்தீர்வை. 1925இல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டியது. ஆயினும் டச்சுக்காரர் இத்திட்டத்தில் சேரவில்லை. அவர்களுடைய தீவுகளில் குடியானவர்கள் ரப்பரை நட்டுக் குவித்தனர். மலாயா விட்ட இடத்தை அவர்கள் பிடித்தனர். 1928 நவம்பர் 1இல் திட்டம் கைவிடப்பட்டது.

ஒருவர் வேலி கட்டிப் பயனில்லை என்று கண்டபின், 1934இல் பிரிட்டன், ஹாலந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகியவை கூடி உடன்படிக்கை செய்தன. நாட்டுக்கு நாடு பங்கு வகுக்கப்பட்டது. புதிதாக நடுவதும் தடுக்கப்பட்டது. ரப்பர் வாங்கும் ஆலைக்காரருக்கும் ஆலோசனை கூற இடமளிக்கப்பட்டது. மரம் வெட்டியவனுக்கோ நாற்காலி இல்லை. சிறுதோட்டக்காரரின் விளைச்சலும் குறைத்தே மதிக்கப்பட்டது என்பதைப் பொருளியல் அறிஞர் பாவர் 1948இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார்.

நம்மவர் நிலை என்ன? 1930இல் விலை சரிந்தபோது, ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாயிருந்த நாட்கூலி 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பின்னர் போர்க்காலத் தேவையால் ரப்பருக்கு யோகம் அடித்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தமிழர் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். விலை விழுந்தபோது முதலாளியைக் காக்கச் சட்டம் வந்தது. கூலி கேட்டபோது பாட்டாளியை அடக்கப் பட்டாளம் வந்தது!

சந்தைக்குச் சட்டம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 2019இலும் தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா மூன்றும் ஏற்றுமதியில் 240,000 டன்னைக் குறைக்க உடன்பட்டன. அத்தகைய ஏற்பாட்டால் விலை உயர்ந்தால் அதில் உழைப்பவனுக்கு எத்தனை காசு என்பது அந்த ஏட்டிலேயே எழுதப்பட வேண்டும். எழுதாத பங்கு ஒருநாளும் தோட்டத்து லயத்தை எட்டியதில்லை. தோழர்களே, சட்டம் வருகிறதென்றால், அது யாரைக் கேட்டு வருகிறது என்று முதலில் கேளுங்கள்.