சாரதிப் பத்திரமும் சான்றுக் கட்டும்

நேயர்களே, 2025ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி அமெரிக்க ஐக்கிய நாட்டு விமான நிலையங்களிலே ஒரு புதிய வழக்கம் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு விமானத்தில் ஏற வருபவர் தமது சாரதி அனுமதிப்பத்திரத்தைக் காட்டினால், அதன் மேல் மூலையில் ஒரு சிறிய நட்சத்திரக் குறி உண்டா என்று உத்தியோகத்தர் பார்க்கலாயினர். குறி உள்ளவர் தடையின்றிச் சென்றார். குறி இல்லாதவர் கடவுச்சீட்டையோ ஏற்கத்தக்க வேறொரு பத்திரத்தையோ காட்ட வேண்டியவரானார். அதுவும் இல்லாதவர் மேலதிக விசாரணைக்கும் சோதனைக்கும் உட்பட்டார். ஒரு விரல்நுனி அளவேயான இந்த நட்சத்திரத்துக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கின்றது. வண்டி ஓட்டும் திறமைக்குச் சான்றாகப் பிறந்த பத்திரம், ஆள் இன்னார் என்பதற்குச் சான்றாக வளர்ந்த வரலாறு அது.

அமெரிக்காவிலே மோட்டார் வண்டி ஓட்டுவோர் அனுமதி பெற வேண்டும் என்று முதன்முதல் விதித்தவை மசாச்சுசெற்ஸ், மிசூரி என்னும் இரு மாநிலங்கள். அவை அவ்வாறு விதித்த ஆண்டு 1903. அனுமதி பெற வேண்டுமாயினும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற நியதி அப்போது இல்லை. மிசூரி மாநிலத்திலே சாரதிகளுக்குப் பரீட்சை ஏற்பட்டது 1952ஆம் ஆண்டிலேதான். தென் டக்கோற்றா மாநிலம் அனுமதிப்பத்திரம் என்பதையே 1954 வரை கேட்கவில்லை. ஆகவே, இப்பத்திரம் தொடக்கத்திலே பெயரையும் கட்டணத்தையும் பதிந்துகொள்ளும் வெறும் துண்டுக் காகிதமாகவே இருந்தது. அதை வைத்து ஒருவரை அடையாளங் காணலாம் என்று எவரும் எண்ணவில்லை.

அந்நிலை மாறியதற்குக் காரணம் அமெரிக்க மக்களின் ஓர் அரசியல் இயல்பு ஆகும். நாடு முழுவதற்கும் பொதுவான ஆளடையாள அட்டை என்பதை அம்மக்கள் நெடுங்காலமாக ஐயுறவுடன் நோக்கி வந்துள்ளனர். மத்திய அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் இலக்கமிட்டுக் கண்காணிக்குமோ என்ற அச்சம் அவர்களிடையே வேரூன்றியது. 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தொழிலாளருக்கு இலக்க அட்டைகள் வழங்கப்பட்டபோதும் இவ்வச்சம் தலைகாட்டியது. 1946 தொடக்கம் 1972 வரை அவ்வட்டைகளிலே, அவை ஆளை அடையாளங் காண்பதற்கு உரியவை அல்ல என்ற வாசகம் அச்சிடப்பட்டிருந்தமை இதற்குச் சான்று.

ஆனால், வாழ்க்கையோ ஏதாவது ஓர் அடையாளத்தை நாள்தோறும் கேட்டது. வங்கியிலே காசோலை மாற்ற வேண்டும். மதுக்கடையிலே வயதைக் காட்ட வேண்டும். தொழில் தருபவர் ஆளை அறிய வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் வண்டி ஓட்டும் நாட்டிலே எல்லோர் சட்டைப்பையிலும் இருந்தது சாரதிப் பத்திரமே. 1958ஆம் ஆண்டிலே கலிபோர்ணியா மாநிலம் அதிலே உரியவரின் நிழற்படத்தையும் சேர்த்தது. பிற மாநிலங்களும் காலப்போக்கில் அவ்வழியைப் பின்பற்றின. 1986ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்பின், வேலையிலே சேருவோர் ஆளடையாளத்துக்குக் காட்டத்தக்க பத்திரங்களுள் ஒன்றாக அது ஏற்கப்பட்டது. இவ்வாறு, தேசிய அடையாள அட்டையை முன்வாசலால் விடமாட்டோம் என்றவர்கள், அதே வேலையைச் செய்யும் ஒன்றைப் பின்வாசலால் வீட்டுக்குள் வைத்துக்கொண்டனர்.

2001ஆம் ஆண்டு செப்தெம்பர் 11ஆந் திகதி நிகழ்ந்த கொடுமை இந்த ஏற்பாட்டின் தளர்ச்சியை வெளிப்படுத்தியது. விமானங்களைக் கடத்திய 19 பேருள் ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் அமெரிக்க அடையாளப் பத்திரம் ஏதேனும் ஒன்றைப் பெற்றிருந்தனர் என்றும், அவற்றுட் சில மோசடியாற் பெறப்பட்டவை என்றும் விசாரணை ஆணைக்குழு கண்டது. வேர்ஜீனியா மாநிலத்திலே, வசிப்பிடம் பற்றிய பொய்யான உறுதிமொழிகளைக் கொண்டே சிலர் அடையாள அட்டைகளைப் பெற்றிருந்தனர். 2004ஆம் ஆண்டு யூலையில் வெளியான தன் அறிக்கையிலே, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கும் சாரதிப் பத்திரம் போன்றவற்றுக்கும் மத்திய அரசாங்கம் பொதுத் தரங்களை வகுக்க வேண்டும் என்று அவ்வாணைக்குழு விதந்துரைத்தது.

அடுத்த ஆண்டிலே எழுந்ததே 'றியல் ஐடி' எனப்படும் சட்டம். மெய்யான அடையாளம் என்பது அதன் கருத்து. விஸ்கொன்சின் மாநிலப் பிரதிநிதி ஜேம்ஸ் சென்சன்பிறென்னர் அதனை முன்மொழிந்தார். பிரதிநிதிகள் சபை 2005 பெப்ரவரியில் அதனை நிறைவேற்றியது. செனற் சபை அதைத் தனியே எடுத்து ஆராயவில்லை. பின்னர் அது வேறொரு பெரிய நிதி ஒதுக்கீட்டு மசோதாவுடன் இணைக்கப்பட்டது. அந்த மசோதா படையினருக்குப் பணம் வழங்குவது. அத்துடன், நேயர்களே, 2004 டிசெம்பர் 26ஆந் திகதி நம் கரைகளையும் இந்துமாக்கடலின் பிற கரைகளையும் அழித்த ஆழிப்பேரலையால் துன்புற்றோருக்கு நிவாரணம் வழங்குவது. சுனாமி நிவாரணம் என்ற சொல் அச்சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றுள்ளது. படையினருக்கும் பாதிக்கப்பட்டோருக்குமான பணத்தை மறுக்க யார் துணிவர்? செனற் சபையிலே 100 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் ஒருவரும் இலர். 2005 மே 11ஆந் திகதி சனாதிபதி ஜோர்ஜ் புஷ் கையொப்பமிட்டார்.

சட்டம் விதித்தது யாது? சாரதிப் பத்திரம் கேட்டு வருபவர் நான்கு கேள்விகளுக்குச் சான்றுடன் விடை கூற வேண்டும். நீர் யார்? எப்போது பிறந்தீர்? உமது சமூகப் பாதுகாப்பு இலக்கம் யாது? எங்கே வசிக்கின்றீர்? இவற்றோடு, நாட்டிலே இருக்கச் சட்டப்படி உரிமை உண்டென்பதையும் காட்ட வேண்டும். பிறப்புக்குப் பதிவகம் முத்திரையிட்டு வழங்கிய அத்தாட்சிப் பிரதி அல்லது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு. வசிப்பிடத்துக்கு மின்சாரக் கட்டணச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை, வாடகை உடன்படிக்கை போன்றவற்றுள் இரண்டு. இலக்கத்துக்கும் முதலிலே தனிப் பத்திரம் கேட்கப்பட்டது. 2020 டிசெம்பரில் நிறைவேறிய திருத்தத்தின்பின் இலக்கத்தைக் கூறினாற் போதும் என்றாயிற்று. கொணர்ந்த பத்திரங்களின் படிகளைக் காகிதமாயின் 7 ஆண்டும், மின்னணுப் படிமமாயின் 10 ஆண்டும் அலுவலகம் காத்து வைத்தல் வேண்டும்.

கேட்கும்போது இவை எளியனவாகவே தோன்றும். ஆயினும், எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியைக் கற்பனை செய்து பாருங்கள். பிறப்புப் பத்திரத்திலே தந்தையின் குடும்பப் பெயர் இருக்கின்றது. மணஞ் செய்தபோது கணவன் பெயரை ஏற்றார். கணவன் இறந்தபின் மறுமணஞ் செய்து வேறொரு பெயரை ஏற்றார். இன்று அவர் கையிலுள்ள பெயருக்கும் பிறந்தபோது இட்ட பெயருக்கும் இடையே இரண்டு விவாகப் பத்திரங்கள் வேண்டும். முதல் விவாகம் மூன்று மாநிலங்களுக்கு அப்பால் ஒரு சிற்றூர் அலுவலகத்திலே பதியப்பட்டிருக்கலாம். அங்கே எழுத வேண்டும், கட்டணம் செலுத்த வேண்டும், காத்திருக்க வேண்டும். மின்சாரக் கட்டணச் சீட்டோ மகன் பெயரில் வருகின்றது. ஐம்பது ஆண்டு வண்டி ஓட்டிய அம்மூதாட்டி, தாம் தாமே என்று காட்டுவதற்கு ஒரு கட்டுப் பத்திரங்களைச் சுமந்து வரிசையில் நிற்கின்றார். பெயர் மாறாத ஆடவனுக்கு இச்சுமை இல்லை. சட்டம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாலும், விடை கூறும் பாரம் எல்லோர்க்கும் ஒன்றாக இல்லை என்பதை இதனால் அறியலாம்.

பிறப்புப் பத்திரத்தின் கதையும் நோக்கத்தக்கது. பிறப்புக்களைச் செம்மையாகப் பதியும் மாநிலங்களின் தொகுதி 1915ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1933ஆம் ஆண்டில் ரெக்சாஸ் சேர்ந்த பின்னரே அது நாடு முழுவதையும் அடக்கியது. அதன் பின்பும், தென் மாநிலங்களிலே மருத்துவிச்சியர் கையில் வீட்டிலே பிறந்த வறியோர், சிறப்பாகக் கறுப்பின மக்கள் பலர், பதிவேட்டில் இடம்பெறாமலே வளர்ந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை தேடியோர் தம் குடியுரிமையைக் காட்ட வேண்டியிருந்தபோது, இலட்சக்கணக்கானோரிடம் பிறப்புப் பத்திரமே இல்லை என்பது தெரியவந்தது. குடும்ப விவிலியத்திலே எழுதிய குறிப்பு, ஞானஸ்நானப் பதிவு, பாடசாலைப் பதிவு ஆகியவற்றைக் கொண்டு காலந்தாழ்த்திய பதிவுகள் அப்போது செய்யப்பட்டன. புதிய சட்டத்தின் விதிகளும், உரிய பத்திரங்களைப் பெற முடியாதவர்க்கு மாற்று வழி வகுக்க மாநிலங்களுக்கு இடமளித்தன. அவ்வழி உண்டென்பதை அறிந்து கேட்பவர்க்கே அது பயன்படும்.

மாநிலங்கள் இச்சட்டத்தை எளிதில் ஏற்கவில்லை. 2007 ஜனவரியிலே மேய்ன் மாநிலச் சட்டசபை அதனை நிராகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாண்டிலேயே மொன்ரானா மாநிலம் அதனை நடைமுறைப்படுத்த மறுத்துச் சட்டமியற்றியது. வேறு பல மாநிலங்களும் எதிர்த்தன. மத்திய அரசாங்கம் ஆணையிட, செலவைத் தாங்குவது நாமா என்று சிலர் கேட்டனர். இது மறைமுகமான தேசிய அட்டையன்றோ என்று வேறு சிலர் கேட்டனர். 2008 மே மாதத்தில் நடைமுறைக்கு வரவேண்டியது பலமுறை தள்ளிப்போயிற்று. 2020 ஒக்தோபர் என்று குறித்த நாளும் கொள்ளைநோயால் பிற்போடப்பட்டது. பின்னர் 2021, 2023, இறுதியில் 2025 என்றாயிற்று. மூன்று ஆண்டிலே முடியும் என எண்ணியது முடிய இருபது ஆண்டு சென்றது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. நட்சத்திரக் குறி இல்லாத பத்திரத்தைக் கொண்டும் அந்நாட்டிலே வண்டி ஓட்டலாம். விமானத்தில் ஏறவும், மத்திய அரசின் சில கட்டடங்களுக்குள்ளும் அணுமின் நிலையங்களுக்குள்ளும் புகவுமே அக்குறி வேண்டும். சாரதிக்கென ஏற்பட்ட பத்திரத்தின் மிகப் பெரிய சீர்திருத்தம், சாரத்தியத்தோடு யாதொரு தொடர்பும் இல்லாதது!

இச்சட்டம் தீயதென்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடல் நேர்மையன்று. பொய்யான உறுதிமொழி ஒன்றால் அடையாளத்தை வாங்கக்கூடிய ஏற்பாடு எவருக்கும் பாதுகாப்பாகாது. பிறர் பெயரிலே கடன் வாங்குவோரும் கள்ளப் பத்திரம் விற்போரும் அதனாற் பயனடைந்தனர். ஆயினும், ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பை யார் தலையில் வைப்பது என்பதே முடிவான கேள்வி. பத்திரங்களை ஆக்கியதும் அரசாங்கமே, பதிவேடுகளைக் காப்பதும் அரசாங்கமே. ஓர் அலுவலகத்திலே பெற்றதை மற்றோர் அலுவலகத்துக்குச் சுமந்து செல்பவரோ குடிமகன். பதிவகங்கள் தமக்குள்ளே செய்தி பரிமாறி இச்சுமையைக் குறைக்கலாம். அப்பொழுதோ, எல்லாச் செய்தியும் ஓரிடத்திற் குவிகின்றதே என்ற பழைய அச்சம் திரும்பவும் எழும்.

ஆழிப்பேரலை நிவாரணம் இச்சட்டத்துடன் சேர்ந்தே பிறந்தது என்றோம். அவ்வலை நம் கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் வீடுகளை வாரிச் சென்றபோது, அலுமாரியிலே பேணி வைத்த பிறப்புப் பத்திரங்களையும் காணி உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் கூடவே கொண்டு சென்றது. கரையிலே எஞ்சி நின்றவர் தம் பெயரைத் தம் வாயாற் சொல்வதன்றி வேறு சான்று இல்லாதவராயினர். அயலவர் அவரை அறிவர், ஊரார் அறிவர், கடதாசி மட்டும் அறியாது. ஒரே சட்டத்தின் ஒரு பகுதி, பத்திரம் இழந்த மக்களுக்குக் கைகொடுக்கப் பணம் ஒதுக்கியது; மற்றொரு பகுதி, பத்திரமின்றேல் நீர் யார் என்று வினவியது. இரண்டும் அரசாங்கத்தின் கடமைகளே. முன்னதை மறவாது பின்னதைச் செய்யும் அரசாங்கத்தின் வாயிலிலே, சான்றுக் கட்டைச் சுமந்து வரும் மூதாட்டி சிறிது குறைவாகக் காத்திருப்பார்.